தழைக்கல் வரைக்கும்

டிரைவர் மருதாசலத்தை வாதத்தோடு ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து வீட்டுக் கட்டிலில் படுக்கவைத்த மறுநாள் விடியக்காலம், மணி சரியாக ஐந்தரைக்கு, அவருடைய நடை மட்டும் எழுந்து வெளியே போனது. ஆள் போகவில்லை, ஆள் கட்டிலில்தான் கிடந்தார். செருப்பும் போகவில்லை, அது வாசற்படி ஓரத்தில், வார் பிய்ந்த இடத்தில் அவரே போட்ட தையலோடு கிடந்தபடிக்கே கிடந்தது. செருப்புச் சத்தம் மட்டும் கட்டிலடியிலிருந்து கிளம்பி, முன்னறையைத் தாண்டி, வாசலில் இறங்கி, அவர் எப்போதும் நின்று வானத்தைப் பார்க்கிற அந்த ஒரு நிமிஷம் நின்று பார்த்து, கேட்டின் கொக்கியைத் தூக்கி, வெளியே போய், மறக்காமல் கொக்கியைத் திரும்ப மாட்டிவிட்டுத் தெற்குப் பக்கமாக நடந்தது. சாணிக் கரைசலும் கையுமாக வாசலில் நின்றிருந்த பாவாத்தாள், கொக்கி தானாகத் தூக்கி விழுந்ததைக் கண்ணால் பார்த்தாள். "அட கெரகமே, இந்த நெலமையிலயுமா?" என்றுதான் புருசனைத் திட்டிப் பழகிய அவள் வாயில் முதலில் வந்தது. அதற்கப்புறம்தான் பயந்தாள்.

அந்த மனுசன் முப்பத்தொரு வருசம் டவுன் பஸ் ஓட்டினவர். காலை முதல் ராத்திரி வரைக்கும் உட்கார்ந்தபடியே ஊர் ஊராகச் சுற்றி, உட்கார்ந்தபடியே தொப்பையும் சர்க்கரையும் சேர்த்து, ரிட்டயர் ஆன மறுமாதம் டாக்டர் 'நடங்க' என்று ஒரு வார்த்தை சொன்னதற்காக நடக்க ஆரம்பித்தவர், நடந்து பார்த்தபிறகு டாக்டரையும் மறந்தார், சர்க்கரையையும் மறந்தார், நடையை மட்டும் விடவேயில்லை. வீட்டிலிருந்து கிட்டான் டீக்கடை, அங்கேயிருந்து பால் சொசைட்டி, தார் ரோட்டைக் குறுக்கே தாண்டினால் இரண்டு பக்கமும் கிளுவை வேலி வைத்த இட்டேரி, அந்த மண்பாதையிலேயே இரண்டு மைல் போனால் குமரிக்கரட்டின் அடிவாரத்தில் தழைக்கல். அந்தக் கல்லைத் தாண்டுகிற எவரும் பக்கத்துச் செடியில் ஒரு கொத்துப் பச்சைத் தழை ஒடித்து அதன்மேல் போடாமல் போகமாட்டார்கள். எந்தச் சாமி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, போட்டால் கால் வலிக்காது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். மருதாசலமும் போடுவார், போட்டுவிட்டுத் திரும்புவார். எட்டு மணிக்கு வீடு.

கரட்டுப்பாளையத்தில் காரியம் இல்லாமல் நடக்கிறவனை ஊர் சும்மா விடாது. "என்னத்தைத் தொலைச்சீங்க டிரைவரே, நாங்களும் தேடறோம்" என்று முதல் வருசம் முழுக்கக் கேலிதான். பாவாத்தாளுக்கும் அது மானக்கேடாகத்தான் இருந்தது. அதற்காக அவரும் கூப்பிடாமல் இருந்தாரா என்றால், பதினோரு வருசம், மழை பெய்தாலும் சரி, நோம்பி நாள் என்றாலும் சரி, கேட்டின் கொக்கியில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்து, "பாவாத்தா, வர்றியா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் போவார். "நான் வரலீங்க. எனக்கு ஊட்டுல வேலை கெடக்குது" என்று இவளும் தலையைத் தூக்காமல் சொல்லுவாள். பொய்யில்லை, வேலை கிடந்தது. மாடு, சாணி, தண்ணி, இட்லிச்சட்டி என்று எந்த நாளும் கிடந்தது.

முதல் நாள் போன நடை எட்டு மணிக்குத் திரும்பி வந்தது. கொக்கி தூக்கியது, வாசலில் இரண்டு தட்டு தட்டி மண் உதிர்த்தது, கட்டிலடியில் போய் அடங்கியது. பாவாத்தாள் ஓடிப்போய்ப் போர்வையை விலக்கிப் பார்த்தால், அசைக்க முடியாத அந்த இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே செம்மண் புழுதி. வேட்டிக் கரையெல்லாம் ஊசிப்புல். இடது குதிகாலில் ஒரு நெருஞ்சி முள்கூட இருந்தது. அவள் ஒரு போசியில் வெந்நீர் எடுத்து வந்து, கட்டிலோரமாக உட்கார்ந்து, காலைக் கழுவித் துடைத்து, முள்ளைப் பிடுங்கி, வேட்டியிலிருந்து புல்லை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

வாதம் அவருடைய வாயில் ஒரே ஒரு வார்த்தையை மிச்சம் வைத்திருந்தது. அந்த வார்த்தை 'வர்றியா'. தண்ணி வேண்டுமென்றாலும் வர்றியா, திருப்பிப் படுக்கவைக்க வேண்டுமென்றாலும் வர்றியா, ஈ மொய்த்தாலும் வர்றியா. ஈரோட்டிலிருந்து வந்து ஒரு மாதம் கூடவே இருந்த மகள், "அப்பா என்னம்மா கேக்கறாரு?" என்று கேட்டுக்கேட்டு அழுதுவிட்டுப் போனாள். பாவாத்தாள் அழவில்லை. அந்த வார்த்தைக்குத் தான் சொல்லிப் பழகிய பதிலை மட்டும் நாக்கில் வராமல் பார்த்துக்கொண்டாள்.

ஊர் என்ன செய்தது என்று கேட்டால், ஊர் ஒரு வாரம் பயந்தது. கதவைச் சாத்தியது, வேப்பிலை கட்டியது, பூசாரி வேலப்பனை அழைத்துக்கொண்டு போய் இட்டேரி முக்கில் நிறுத்தியது. பூசாரி காதைத் தீட்டிக்கொண்டு அந்தச் செருப்புச் சத்தம் தன்னைத் தாண்டிப் போகிற வரைக்கும் கேட்டார், திருநீற்றுத் தட்டைக் கீழே இறக்கினார். "செத்தவனுக்குப் பேய் வந்தா நான் பாப்பேன். உசுரோட கஞ்சி குடிச்சுட்டுக் கெடக்கற மனுசனுக்கு எப்படீங்க பேய் வரும்? இது அவரு நடை, அவ்வளவுதான். போற ஆளைப் போக உடுங்க" என்றார். இது தன் டிபார்ட்மென்ட்டே இல்லை என்றும் சொல்லிவிட்டார். பேய் இல்லை என்று ஆனபிறகு அதற்கு மரியாதை செய்யவேண்டும் அல்லவா, ஊர் மரியாதையில் இறங்கியது. கிட்டான் ஐந்தே முக்காலுக்கு பெஞ்சைத் துடைத்து, சர்க்கரை போடாத அரை டீயை அதன்மேல் வைத்தான். டீ குறையாது, ஆனால் ஆவி சட்டென்று அடங்கிவிடும். அதற்கப்புறம் எடுத்துக் குடித்துப் பார்த்தால் டீ சப்பென்று இருக்கும், ருசியை மட்டும் எவரோ குடித்துவிட்டார்கள் என்பான். ஆறு பத்து பஸ்ஸின் டிரைவர் தார் ரோட்டில் வண்டியை நிறுத்தி, அந்தச் சத்தம் குறுக்கே தாண்டுகிற வரைக்கும் காத்திருந்து, சின்னதாக ஒரு ஹாரன் அடித்துவிட்டு எடுப்பான், தொழில்காரனுக்குத் தொழில்காரன் செய்கிற மரியாதை. நடைக்கு முன்னால் யாரும் குறுக்கே போகக்கூடாது என்று ஆயிற்று. தெருநாய் மூன்றும் வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே போயின.

நாய்க்கு அப்புறம் மனுசர்கள் போனார்கள். முதலில் போனவள் பக்கத்து வீட்டுச் சரோஜினி. ரேசன் கடையில் எடை போடுகிற வேலை, புருசன் இல்லை, சர்க்கரை இருநூற்றெண்பது. நடக்கச் சொல்லி அவளுக்கும் டாக்டர் சொல்லித்தான் இருந்தார், ஆனால் தன்னந்தனியாக ஒரு பொம்பளை காரியமில்லாமல் இட்டேரியில் நடந்தால் ஊர் என்ன பேசும் என்று இருந்துவிட்டாள். இப்போது ஒரு சாக்குக் கிடைத்தது. "டிரைவரண்ணன்கூடப் போறேன்" என்றால் யார் என்ன கேட்க முடியும்? அவள் போக, பால் சொசைட்டிக்காரர்கள் போக, முழங்கால் வலிக்காரர்கள், தூக்கம் வராதவர்கள், மருமகளிடமிருந்து இரண்டு மணி நேரம் தப்பித்தால் போதும் என்றிருந்தவர்கள் எல்லாம் அவரவர் வீட்டு வாசலில் தயாராக நின்று, சத்தம் தாண்டுகிறபோது பின்னாலே சேர்ந்துகொண்டு, மூன்றே மாதத்தில் இருபத்தேழு பேர். வேகமும் இல்லாமல் மெதுவும் இல்லாமல் அந்த நடை ஒரே சீராகப் போகும், அதன் பின்னால் போனால் மூச்சு வாங்காது. கவுதாரி குறுக்கே ஓடுவதையும், கிளுவை வேலியில் பனி சொட்டுவதையும், கரடு சாம்பல் நிறத்திலிருந்து சிவப்புக்கு மாறுவதையும் பிறந்ததிலிருந்து அதே ஊரில் இருந்தவர்கள் அப்போதுதான் பார்த்தார்கள். இத்தனை காலம் இது எங்கே இருந்தது என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டார்கள்.

பாவாத்தாள் மட்டும் போகவில்லை. அவர் கட்டிலில் கிடக்கிறபோது அவள் எங்கே போவது? அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது, எட்டு மணிக்கு வருகிற நடை ஒன்பது மணிக்கு வர ஆரம்பித்ததை. அப்புறம் பத்தரை ஆயிற்று. அது வெளியே போயிருக்கிற நேரம் முழுக்க அவர் பாதம் சில்லென்று இருக்கும், வந்து அடங்கினதும் சூடு ஏறும், இது அவளுக்குப் பழகிவிட்டது. ஆனால் இப்போது குளிர் கணுக்காலோடு நிற்கவில்லை. முழங்கால் வரைக்கும் வந்தது, அடுத்த வாரம் தொடைக்கு வந்தது, ஒரு வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணி வரைக்கும் நடை திரும்பாமல் அவள் வேப்பெண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்து உட்கார்ந்திருந்தபோது, அவர் இடுப்பு கிணற்றுத் தண்ணிச் சொம்பாட்டம் குளிர்ந்து கிடந்தது. இது நெஞ்சுக்கு வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு எந்த டாக்டரும் சொல்லவேண்டியதில்லை.

அன்று மத்தியானம் சரோஜினி வேர்க்க விறுவிறுக்க, முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தாள். "அக்கா, நம்ம அண்ணன் இன்னைக்குச் சுனையைத் தாண்டிட்டாருங்க. நாளைக்குக் கரட்டு உச்சிதான். எனக்குச் சர்க்கரை நூத்தி நாப்பதுக்கு வந்துருச்சு, தெரியுமுங்களா?"

"கரட்டு மேல எதுக்குப் போறீங்க?" என்றாள் பாவாத்தாள். "அவரு தழைக்கல்லுல திரும்பற ஆளாச்சே."

"அவரு திரும்பறதில்லீங்களே. நாங்க போக ஆரம்பிச்ச நாளா, கல்லுகிட்ட வருவாரு, தழை போடுவாரு, கொஞ்சம் நிப்பாரு, அப்பறம் மேல போயிருவாரு. தெனமும் முந்துன நாளைவிட எச்சாத்தான் போறாரு, நாங்க ஏற முடியாம உக்காந்தப்பறம்தான் திரும்பறாரு."

"நீங்க திரும்பறதுதான?"

"அதெப்படீங்க அக்கா? பெரியவரு முன்னால போயிட்டிருக்கறப்ப நாம பாதியில திரும்பி வர்றதா? மரியாதை இல்லீங்களா?"

பாவாத்தாள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்குப் பொட்டில் அடித்தாற்போல் புரிந்தது. மருதாசலம் டிரைவராக இருந்த முப்பத்தொரு வருசமும் கடைசி ஆள் இறங்காமல் வண்டியைத் திருப்பினதில்லை. கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் இறங்கிப் போனபிறகும் தானே பின்சீட்டு வரைக்கும் நடந்து குனிந்து பார்த்துவிட்டு வருவார். ஒரு தடவை எவனோ ஒருத்தன் மூலைச் சீட்டில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான் என்று, அவனாக எழுந்து இறங்குகிற வரைக்கும் ஒரு மணி நேரம் வண்டியைப் போட்டுவிட்டு நின்று மெமோ வாங்கினார். சோறு போடுகிறபோதெல்லாம் அந்தக் கதையைச் சொல்லுவார், இவள் சலித்துக்கொள்வாள். இப்போது பின்னால் இருபத்தேழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் திரும்பாமல் இவர்கள் இறங்கமாட்டார்கள், இவர்கள் இறங்காமல் அவர் திரும்பமாட்டார். "அட மரியாதை கெட்ட மரியாதையே" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் கிட்டான் கடைக்குப் போய், நின்றிருந்த எல்லாரிடமும் விஷயத்தைச் சொன்னாள். இடுப்பு வரைக்கும் குளிர் வந்ததையும் சொன்னாள். சரோஜினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "நாங்க நல்லா நடக்கறோம்னு சந்தோசப்பட்டனே, பாவி" என்றாள்.

கிட்டான்தான் கேட்டான். "சரீங்க அக்கா, இனி யாரும் ஏற வேண்டாம். அது போதுமுங்களா?"

"போதாது. ஏறுன ஆளுகளை அவரு மறக்க மாட்டாரு, தேடுவாரு. நாளைக்கும் எல்லாரும் வாங்க. அவங்கவங்க எடம் வந்ததும் வாயைத் தொறந்து எறங்கறேன்னு சொல்லி எறங்கோணும்."

மறுநாள் விடியக்காலம் கரட்டுப்பாளையத்துத் தெருவில் நடந்ததை வேறு ஊர்க்காரன் பார்த்திருந்தால் சிரித்திருப்பான். சத்தம் முன்னால் போக, பின்னால் சரோஜினி போக மீதி இருபத்தாறு பேரும், அவர்களுக்கும் பின்னால், பதினோரு வருசத்தில் முதல் தடவையாக, பாவாத்தாளும் போனார்கள். சரியாக இறங்குகிறார்களா என்று பார்க்கத்தான் அவள் போனாள், சரோஜினியைக் கட்டில் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு. சரோஜினி வாசலிலேயே "எறங்கிக்கறனுங்க அண்ணா" என்று சொல்லித்தான் உள்ளே போனாள். டீக்கடை முக்கில் மூன்று பேர் இறங்கினார்கள். "சொசைட்டி, எறங்கறனுங்க" என்று நாலு பேர் இறங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த நடை நின்றது, ஒரு ஆள் இரண்டு காலையும் தரையில் வைக்கிற நேரம் மட்டும் நின்று, அப்புறம் போனது. பூசாரி வேலப்பன், ஏறவே ஏறாத மனுசன், ரோட்டோரம் நின்று தானும் ஒரு தடவை "எறங்கிக்கறேன்" என்றார், எதற்கும் இருக்கட்டும் என்று. இட்டேரி பாதி போவதற்குள் கடைசி ஆளும் இறங்கியாயிற்று. பாவாத்தாள் பெருமூச்சு விட்டாள்.

அப்புறம் அவளும் அந்தச் சத்தமும் மட்டும் போனார்கள். வேலியில் சிலந்திக் கூடெல்லாம் பனியில் நனைந்து கிடந்தது. காலில் மிதிபட்ட கொழிஞ்சி மணத்தது. எங்கேயோ பள்ளத்தில் மயில் ஒன்று கத்த, கரட்டிலிருந்து வேறொன்று பதில் சொன்னது. வீட்டு வேலை ஒவ்வொன்றாக நெஞ்சுக்குள் வந்து நின்று, கேட்பாரில்லாமல் பின்தங்கிப் போனது. அவளுடைய கால் அவளைக் கேட்காமல் அந்தச் சத்தத்தோடு சேர்ந்து விழ ஆரம்பித்ததை அவள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள். நாற்பது வருசமாகப் பின்வாசலிலிருந்து, துணி காயப்போடுகிற கொடிக்கு மேலே தெரிகிற ஒரு மேடாக மட்டும் பார்த்த குமரிக்கரடு, பக்கத்தில் போகப் போக எழுந்து நின்றது. "இத்தனையும் தெனமும் பாத்துட்டு வந்துதான் ஒண்ணுமே சொல்லாம இட்லி தின்னீங்களாக்கும்?" என்று அவள் சத்தமாகவே கேட்டுவிட்டாள். கேட்டதும் ஞாபகம் வந்தது. சொன்னார். செம்போத்து பார்த்தேன் என்று சொன்னார், ஆவாரை பூத்துவிட்டது என்று சொன்னார். "ஆமா, பெரிய அதிசயம்" என்று இவள்தான் சட்னியை ஊற்றிவிட்டு உள்ளே போனாள். நடந்துகொண்டே அவள் அழுதாள், துடைத்துக்கொள்ளவில்லை.

தழைக்கல் வந்தது. அவள் ஒரு கொத்து ஆவாரந்தழை ஒடித்துப் போட்டாள். பக்கத்திலே இன்னொரு கொத்து, எந்தக் கையும் இல்லாமல், ஒடிந்து வந்து விழுந்தது. இனி திரும்புவார் என்று அவள் நின்றாள். சத்தம் கொஞ்சம் நின்றது, கல்லைத் தாண்டியது, மேலே ஏற ஆரம்பித்தது.

எல்லாரும் இறங்கிவிட்டார்களே, இன்னும் எதற்குப் போகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. "ஏனுங்க, ஏனுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினாள். பாறை, சுனை, வெள்வேல மரம் எல்லாம் தாண்டி, மூச்சிரைக்க உச்சிக்கு வந்தபோது காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. உச்சிக்கு அந்தப் பக்கம் காற்றாலை இறக்கைகளும் தாராபுரம் ரோடும் தெரியவேண்டும், ஏறினவர்கள் சொல்லி அவளுக்கே தெரியும். ஒன்றும் தெரியவில்லை. பால் வெள்ளையாக மூட்டம் மட்டும் கிடந்தது, அதற்குள்ளே இறங்குகிற ஒரு ஒற்றையடிப் பாதை மட்டும் சுத்தமாக, தினமும் ஆள் போகிற பாதையாகத் தெரிந்தது. சத்தம் அந்தப் பாதையின் வாயில் நின்றது. அவர் திருநீற்று மணமும் தேங்காயெண்ணெய் மணமும் அவள் தோளுக்குப் பக்கத்தில் வர, "வர்றியா?" என்று கேட்டது. அதே நொடியில் கட்டிலில் கிடந்தவரும் வாயைத் திறந்து அதையே கேட்டார் என்று சரோஜினி பின்னால் சொன்னாள். அப்போது குளிர் அவர் விலாவுக்கு ஏறியிருந்தது.

கடைசி ஆள் தான்தான் என்று பாவாத்தாளுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் இறங்காமல் அவர் திரும்பமாட்டார்.

அவளுக்குப் போகவேண்டும் என்றுதான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் வாழ்நாளில் அந்தக் காலையைப் போல ஒரு காலை கண்டதில்லை, அந்தப் பாதையில் அவரோடு இறங்கி எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போவதற்கு அவளுடைய கால் துடித்தது. பதினோரு வருசம் மறுத்ததற்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு தடவை 'வர்றேன்' என்று சொல்லிவிடலாம். சொன்னால் கட்டில் காலியாகிவிடும். அவருக்கு மூச்சு இருக்கிற ஒரு வீட்டை விட்டுவிட அவளுக்கு மனசு வரவில்லை. அவள் எத்தனையோ ஆயிரம் தடவை எரிச்சலோடு சொன்ன அதே வார்த்தையை, இந்தத் தடவை நெஞ்சு வெடிக்கச் சொன்னாள்.

"நான் வரலீங்க. எனக்கு ஊட்டுல வேலை கெடக்குது."

சத்தம் வெகு நேரம் அசையவில்லை. பிறகு செருப்பு மண்ணில் அரைபட்டுத் திரும்பியது. அவளுக்கு முன்னால், ஒரே சீராக, கரட்டைவிட்டு இறங்கியது.

வீட்டுக்கு வந்தபோது அவர் கால் வெதுவெதுப்பாக இருந்தது, கண்ணோரம் ஈரம் வழிந்திருந்தது. அது சந்தோசமா, ஏமாற்றமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டாலும் அவரிடம் இருந்தது ஒரே வார்த்தைதான்.

அன்றிலிருந்து அவள் தினமும் கூடப் போனாள், அவள் திரும்புகிற வரைக்கும் தெருவில் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் கட்டில் பக்கத்தில் இருந்தார்கள். வழியில் யார் வேண்டுமானாலும் ஏறலாம், தழைக்கல்லுக்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டு இறங்கிவிடவேண்டும், ஊரில் அதுவே சட்டமாகிவிட்டது. கல்லடியில் அவள் மட்டும் நிற்பாள், தழையைப் போடுவாள், வேலை கிடக்குது என்பாள், நடை திரும்பும். ஆனால் பாவாத்தாள் பொய் சொல்லிப் பழகாத பொம்பளை, அதுவும் அவரிடம். அதனால் விடியுமுன்னே எழுந்து எல்லா வேலையும் முடித்தாலும், களி கிண்டிய குண்டா ஒன்றை மட்டும் அடிப்பிடித்தபடி கழுவாமல் துவைக்கிற கல் பக்கத்தில் போட்டுவிட்டுப் போவாள். ஒரு நாள் சரோஜினி பாவமே என்று அந்தக் குண்டாவை எடுத்துத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டாள். அன்றைக்குத் தழைக்கல்லில் பாவாத்தாள் என்ன சொல்லியும் நடை கேட்காமல் மேலே ஏற, அவள் பின்னால் ஓடி, சட்டென்று ஞாபகம் வந்தவளாக, "ஏனுங்க, பழந்துணி ஊறப்போட்டிருக்குதுங்க!" என்று கத்தினபிறகுதான் திரும்பியது. அதற்கப்புறம் அந்தக் குண்டாவை ஊரில் எவரும் தொட்டதில்லை. தெருவில் போகிறவர்கள் கேட் வழியாக அதை ஒரு பார்வை பார்த்து, கழுவாமல் கிடக்கிறதைக் கண்டு நிம்மதியாகப் போவார்கள்.

மூன்று வருசம் இப்படிப் போயிற்று. மூன்றாம் வருசம் மார்கழியில் மருதாசலத்துக்கு முதுகில் புண் வந்தது. எப்படித் திருப்பிப் போட்டாலும் ஆறவில்லை. கஞ்சியை வாயில் வைத்தால் வழியவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் மருந்துச் சீட்டு எழுதாமலே கிளம்பினார். தொட்டால் வலி, தொடாவிட்டாலும் வலி. பகலெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு, குரலே இல்லாத குரலில், "வர்றியா... வர்றியா..." என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் நடை மட்டும் முன்னைப்போலவே நெஞ்சு நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தது. தழைக்கல்லில் அது திரும்புகிறபோது அந்தச் செருப்பு மண்ணில் அரைபடுகிற சத்தத்தைப் பாவாத்தாளால் தாங்க முடியாமல் போயிற்று. இத்தனை நாள் அவரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது தான்தான் என்று அவளுக்குத் தெரியும்.

தை பிறந்து நாலாவது நாள் அவள் வாசல் தெளித்தாள், பால் கறந்தாள், தண்ணி பிடித்தாள், வேட்டியை மாற்றி அவருக்குச் சலவை வேட்டி உடுத்தினாள். பிறகு குண்டாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தாள். நாள்பட்ட அடிக்கரி சீக்கிரம் விடவில்லை. விடுகிற வரைக்கும் தேய்த்து, மூன்று தண்ணியில் அலசி, துவைக்கிற கல்மேல் கவிழ்த்து வைத்தாள்.

மதில் பக்கம் வந்த சரோஜினி அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். "அக்கா... குண்டாவைக் கழுவிட்டீங்களா?"

"கழுவிட்டேன் கண்ணு."

"நீங்க... நீங்க வந்துருவீங்கல்ல?"

"நான் வராம? உச்சி வரைக்கும் கூடப் போயி, அவரை ஏத்தி உட்டுட்டு, மத்தியானத்துக்குள்ள வந்துருவேன். நீ உள்ள போயி அவரு பக்கத்துல உக்காந்துக்க. கால் சில்லுன்னு ஆச்சுன்னா தேய்க்காத, சும்மா புடிச்சுட்டு இரு."

அவள் புடவையைத் திருத்திக்கொண்டு கட்டிலடிக்குப் போனாள். அவர் கண் அவளைத் தேடிக்கொண்டிருந்தது. "வர்றியா?" என்றார்.

"வர்றனுங்க" என்றாள் பாவாத்தாள். "வேலையெல்லாம் ஆச்சு."

ஐந்தரைக்குக் கொக்கி தூக்கியது. அவர் வெளியே போனபிறகு அவள் அதைத் திரும்ப மாட்டிவிட்டு, கூடவே தெற்குப் பக்கமாக நடந்தாள். கவிழ்த்த குண்டாவைப் பார்த்த சேதி அதற்குள் தெரு முழுக்கப் போயிருந்தது. டீக்கடை பெஞ்சில் கிட்டான் இரண்டு டம்ளர் வைத்திருந்தான். வீட்டுக்கு வீடு வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள், கையெடுத்துக் கும்பிட்டார்கள், விலகி வழிவிட்டார்கள். அன்றைக்கு ஒருவரும் ஏறவில்லை.